வாசகர் கேள்வி – பதில்: கணினி வரைபட வேலையும் மாற்றுவலுவுடையோரும்

கணினியில் வரைபடம் தயாரிக்கும் மென்பொருட்களைப் பார்வை, கையசைவு, நிறப்புலன் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்கள் எவ்வாறு கையாளலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலானோர் இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளை விண்டோஸ் கணினியில் பயன்படுத்துபவர்கள் என்பதால், விடைகளும் அதையே முதன்மையாகக் கொண்டுள்ளன.

கேள்வி: என் தம்பி 2009 இல் எறிகணைச் சிதறல் பட்டு இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். அதன் பிறகு உயர்தரம் வரை படித்து, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானின் துணையோடு கணினியை நன்றாகக் கையாளுகிறார். எக்செல் அட்டவணைகளில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. குளங்கள், வாய்க்கால்கள், கிணறுகள் பற்றிய தரவைத் திரட்டும் திட்டமொன்றுக்கு ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பிக்கப் போனபோது, வரைபட வேலை கண் தெரியாதவருக்குச் சரிவராது என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கவே மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மையா?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; ஆனால் விண்ணப்பத்தை மறுக்க அது போதுமான காரணம் அல்ல. கியூஜிஐஎஸ் திரையின் நடுவில் விரிந்திருக்கும் வரைபடப் பரப்பு திரைவாசிப்பானைப் பொறுத்தவரை வெறும் ஓவியமே. இரணைமடுவின் கரை எங்கே வளைகிறது, கனகராயன் ஆறு எந்தப் பக்கத்தால் வந்து சேருகிறது என்று அந்தப் பரப்பிலிருந்து என்விடிஏயால் ஒரு சொல்லைக்கூட எடுத்துச் சொல்ல முடியாது. ஏனெனில் அங்கே வரையப்படும் குளத்தையும் ஆற்றையும் பெயருள்ள பொருள்களாக மென்பொருள் வெளியே அறிவிப்பதில்லை. ஆனால் படம் என்பது அந்த வேலையின் கடைசிப் படி. அதற்குப் பின்னால் இருப்பது ஓர் அட்டவணை. ஒவ்வொரு குளத்துக்கும் அதில் ஒரு வரிசை. அந்த வரிசையில் பெயர், கிராம அலுவலர் பிரிவு, பாயும் வயற்பரப்பு, துருசுகளின் எண்ணிக்கை, ஆள்கூறுகள் ஆகியவை இருக்கும். ஒரு திட்ட அலுவலகத்தில் அன்றாடம் எழும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு அந்த அட்டவணையும் ஆள்கூறுகளுமே விடை சொல்லிவிடும். அந்தப் பகுதியில் உங்கள் தம்பி வேலை செய்யத் தடை எதுவும் இல்லை.

நடைமுறையில் அவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே வரிசையாக இருக்கும் கருவிப்பட்டைப் படக்குறிகளை டேப் விசையால் எட்ட முடியாது. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆல்ட் விசையை அழுத்தினால் பட்டியல்கள் திறக்கும், அவற்றை அம்புக்குறி விசைகளால் கேட்டுக்கொண்டே செல்லலாம். அதைவிட விரைவானது கன்ட்ரோல், கே இரண்டையும் சேர்த்து அழுத்துவது. அப்போது ஒரு தேடற்பெட்டி திறக்கும், அதில் கருவியின் பெயரையோ லேயரின் (ஒரே வகைப் பொருள்கள் அடங்கிய தரவுப் படலத்தின்) பெயரையோ தட்டச்சுச் செய்து நேரே அங்கே போய்விடலாம். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றும் பகுப்பாய்வுக் கருவிகளின் தொகுதியைத் திறக்கும். எஃப் 6 அட்டவணையைத் திறக்கும்; அதைக் கட்டம் கட்டமாகவே கேட்க வேண்டியிருப்பதால், வரிசைகள் ஆயிரத்தைத் தாண்டினால் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எழுத்துக் கோப்பான சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து, பழகிய எக்செல்லில் திருத்திவிட்டுத் திரும்ப ஏற்றுவது நல்லது. வெளியார் எழுதிச் சேர்க்கும் செருகுநிரல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சிலவற்றின் பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்கப்பட்டிருக்காது. திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டு போகுமே ஒழிய, எது எதற்கு என்று விளங்காது.

புள்ளிகளை வரைபடத்தில் இட மவுஸ் தேவையில்லை. ஜிபிஎஸ் கருவியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எடுத்த ஆள்கூறுகளை சிஎஸ்வி கோப்பில் எழுதி, கன்ட்ரோல், ஷிப்ட், டி என்ற விசைகளால் திறக்கும் சாளரத்தின் வழியே ஏற்றினால், நூறு கிணறுகளும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். இங்கே பார்வையுள்ளவர் கண்ணால் கண்டு உடனே திருத்திக்கொள்ளும் இரண்டு பிழைகள் உங்கள் தம்பிக்குத் தெரியாமலே போகக்கூடும். நெட்டாங்கும் அகலாங்கும் இடம் மாறினால் கிளிநொச்சிக் கிணறு வட துருவத்தை அண்டிய சுவால்பார்டு தீவுகளுக்கு அருகில் கடலில் போய் விழும். அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. ஆள்கூற்று முறையைப் பிழையாகத் தெரிவதுதான் கூடுதல் ஆபத்தானது. பழைய கண்டவளை முறையிலான இலங்கைக் கட்டத்தில் மூலப் புள்ளிக்கு இடப்பட்ட எண்கள் இரு திசையிலும் 200000. 1999 ஆம் ஆண்டின் புதிய கட்டத்தில் அவை 500000. மென்பொருளில் முன்னையதன் எண் ஈபிஎஸ்ஜி 5234, பின்னையதன் எண் 5235. பழைய வரைபடத்தில் எடுத்த எண்களைப் புதிய முறை என்று அறிவித்தால், புள்ளி தெற்கே 300 கிலோமீற்றரும் மேற்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப்போய்க் கொழும்புக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும். ஆகவே ஏற்றியவுடன், "இடத்தைக் கொண்டு தெரிவுசெய்" என்ற பொருள்படும் கருவியால், கிளிநொச்சி மாவட்ட எல்லைக்குள் விழுந்த புள்ளிகள் எத்தனை என்று கேட்பதை அவர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நூறு புள்ளிகள் ஏற்றி நூறும் உள்ளே என்று விடை வந்தால் மேலே போகலாம். பார்வையுள்ளவர்களும் இதைச் செய்தால் நல்லது; திரையைப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுவதில் தப்பிய பிழைகள் ஏராளம்.

இடத்தொடர்புகளையும் சொற்களாகவே கேட்டுப் பெறலாம். இரண்டு புள்ளிகளுக்கிடையே தூரத்தைக் கணக்கிடும் சார்பும், வடக்கிலிருந்து வலஞ்சுழியாகத் திசைக்கோணத்தைத் தரும் அசிமத் என்ற சார்பும் கியூஜிஐஎஸ்ஸில் உள்ளன. அருகிலுள்ள பொருளைக் கண்டுபிடிக்க ஓவர்லே நியரெஸ்ட் என்ற சார்பு இருக்கிறது. இவற்றை அட்டவணையின் கணிப்பானில் இணைத்தால், ஒவ்வொரு கிணற்றின் வரிசையிலும் "அருகிலுள்ள வாய்க்காலுக்கு வடகிழக்கே 340 மீற்றர்" என்பதுபோன்ற ஒரு தமிழ் வாக்கியத்தையே எழுதி நிரப்பிவிடலாம். அசிமத் தரும் விடை ரேடியனில் இருக்கும், பாகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆள்கூறுகள் இலங்கைக் கட்டத்தில் இருந்தால் தூரம் மீற்றரில் வரும், அகலாங்கு நெட்டாங்கில் இருந்தால் பாகையில் வந்து குழப்பும். ஒரே கணிப்பைப் பல கோப்புகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால், சாளரமே இல்லாமல் கட்டளை வரியில் இயங்கும் கியூஜிஐஎஸ் புரோசெஸ் என்ற துணை நிரலை அவர் கற்றுக்கொள்ளட்டும். அதில் உள்ளீடும் விடையும் எழுத்தாகவே இருப்பதால், திரைவாசிப்பானோடு வேலை செய்பவர் பார்வையுள்ளவருக்கு எவ்வகையிலும் பின்னால் நிற்க மாட்டார்.

செய்ய முடியாதவை எவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்மதிப் படத்தைப் பார்த்துக் குளத்தின் கரையைக் கோடாக வரைவது, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒதுக்குவது, அச்சுக்குப் போகும் தாளை ஒழுங்குபடுத்துவது ஆகிய மூன்றுக்கும் கண் வேண்டும். அவற்றை இன்னொருவர் செய்யட்டும். தரவு திருத்துபவரும் படம் வரைபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை; என் பார்வையில் அதுவே ஒழுங்கான முறை. மீண்டும் அந்த அலுவலகத்துக்குப் போகும்போது வாதாடுவதைவிட, இருபது கிணறுகளின் ஆள்கூறுகள் அடங்கிய ஒரு கோப்பைத் தரும்படி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அருகிலுள்ள குளத்தின் பெயரையும் தூரத்தையும் நிரப்பி அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நில அளவை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். நீரிழிவினால் பார்வை மங்கிவிட்டது, முற்றாக இழக்கவில்லை. திருத்தகம் ஒன்றில் மடிக்கணினி வாங்கி கியூஜிஐஎஸ் ஏற்றியிருக்கிறேன். படக்குறிகள் எறும்புபோல இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: ஐயா, முதலில் செட்டிங்ஸ் பட்டியலில் உள்ள ஆப்ஷன்ஸ் சாளரத்தின் ஜெனரல் பகுதிக்குப் போய், படக்குறியின் அளவையும் எழுத்தின் அளவையும் கூட்டுங்கள். வெண்திரை கண்ணைக் கூச வைத்தால் அதே இடத்தில் நைட் மேப்பிங் என்ற கருந்தோற்றம் இருக்கிறது. வரைபடத்தில் உள்ள பெயர்களும் கோடுகளும் சிறிதாக இருப்பது வேறு சிக்கல். அதற்கு வழக்கம்போலப் பெரிதாக்கிக் கிட்டப் போனால் சுற்றுப்புறம் மறைந்துவிடும், அளவுத்திட்டமும் மாறிவிடும். திரையின் அடியில் மேக்னிஃபையர் என்று 100 வீதம் காட்டும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதை 200 ஆக்கினால் அளவுத்திட்டம் மாறாமல் எழுத்தும் கோடும் மட்டும் தடிக்கும். நில அளவையில் பழகிய உங்களுக்கு அந்த வேறுபாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும். இவற்றுக்கு மேலும் வேண்டுமானால் விண்டோஸ் விசையோடு கூட்டற்குறியை அழுத்தித் திரை முழுவதையும் பெருப்பிக்கலாம், விண்டோஸ் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். மடிக்கணினியின் சிறு திரையோடு மல்லுக்கட்டாமல் பழைய தொலைக்காட்சிப் பெட்டியொன்றை எச்டிஎம்ஐ வடத்தால் இணைத்துக்கொள்ள முடியுமானால் அதையும் செய்யுங்கள்.

கேள்வி: கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. இடது கையால் மவுஸைப் பிடித்தால் விசைப்பலகைக்குக் கை இல்லை. விசைப்பலகைக்குப் போனால் மவுஸ் நகர்ந்துவிடுகிறது. ஆபத்தான பகுதிகளின் எல்லைகளை வரைவதுதான் என் முதன்மை வேலை. மற்றவர்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிப்பது எனக்கு அரை நாள் ஆகிறது.
– ஒரு வாசகர், முல்லைத்தீவு

பதில்: உங்கள் வேலையில் ஒரு புள்ளி சிறிது விலகுவது அழகுக் குறைவு அல்ல, ஆட்களின் கால் படும் இடத்தைப் பற்றியது என்பதால், வேகத்துக்கு முன் துல்லியத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில் நல்ல செய்தி ஒன்று உண்டு: கையசைவை மிகக் குறைவாக வேண்டும் வழிதான் இங்கே மிகத் துல்லியமான வழியும்.

களத்திலிருந்து உங்களிடம் வரும் பதிவில், ஓர் ஆதாரப் புள்ளியின் ஆள்கூறும், அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்த திருப்புமுனைக்கு உள்ள திசைக்கோணமும் தூரமும் இருக்கும். அதை மவுஸால் வரைந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு திருப்புமுனையாக எழுதுங்கள். முந்தைய புள்ளியின் கிழக்கு எண்ணோடு தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி வருவதையும், வடக்கு எண்ணோடு தூரத்தைக் கோணத்தின் கோசைனால் பெருக்கி வருவதையும் கூட்டினால் அடுத்த புள்ளி கிடைக்கும். எக்செல் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. அந்தப் புள்ளிகளை கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, புள்ளிகளைப் பாதையாக்கும் கருவியால் கோடாகவும், கோட்டைப் பல்கோணமாக்கும் கருவியால் பரப்பாகவும் மாற்றலாம். கடைசித் திருப்புமுனையிலிருந்து தொடக்கப் புள்ளிக்குத் திரும்பும் கணக்கு எவ்வளவு விலகுகிறது என்பதும் அட்டவணையிலேயே எண்ணாகத் தெரியும். கையால் வரைபவருக்கு அந்த விலகல் தெரிவதே இல்லை, ஏனெனில் கடைசிப் புள்ளியை அவர் தொடக்கப் புள்ளியின்மேல் வைத்து மூடிவிடுவார்.

ஏற்கெனவே வரைந்த எல்லையில் ஒரு முனையை மட்டும் நகர்த்த வேண்டுமானால், முனைக் கருவியோடு வரும் வெர்ட்டெக்ஸ் எடிட்டர் என்ற பலகத்தைத் திறவுங்கள். அந்த உருவத்தின் எல்லா முனைகளும் அட்டவணையாக வரும், எண்ணைத் திருத்தினால் முனை நகரும். அந்தக் கருவியை மவுஸால் பயன்படுத்தும்போதும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டியதில்லை, முனையில் ஒரு முறை சொடுக்கி எடுத்துப் புதிய இடத்தில் இன்னொரு முறை சொடுக்கி வைக்கலாம். அழுத்தியபடி இழுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இணையத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறையின் 2.2 ஆம் பதிப்பு, இழுத்துச் செய்யும் எந்தச் செயலுக்கும் இழுக்காமல் செய்யும் மாற்றுவழி வேண்டும் என்று 2023 இல்தான் விதியாகச் சேர்த்தது. கியூஜிஐஎஸ்ஸின் முனைக் கருவி அதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இயங்கிவருகிறது.

செய்மதிப் படத்தின்மேல் வீதி, வேலி போன்றவற்றைச் சொடுக்கித்தான் வரைய வேண்டும் என்ற இடங்களில் ஒட்டுதலை (ஸ்னாப்பிங்) இயக்கி வையுங்கள். அதன் எல்லையைப் பன்னிரண்டு பிக்சலிலிருந்து முப்பதுக்குக் கூட்டினால், சொடுக்கு சற்று விலகினாலும் அருகிலுள்ள முனையைப் பிடித்துக்கொள்ளும். பேக்ஸ்பேஸ் விசை கடைசியாக இட்ட முனையை நீக்கும். வரைந்துகொண்டிருக்கும்போது அம்புக்குறி விசைகளால் வரைபடத்தை நகர்த்தலாம், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் கிட்டவும் எட்டவும் போகலாம். அட்வான்ஸ்ட் டிஜிட்டைசிங் பலகத்தில் எக்ஸ், வை எண்களைத் தட்டச்சுச் செய்து பூட்டிவிட்டால், அதன் பிறகு திரையில் எங்கே சொடுக்கினாலும் புள்ளி சரியான இடத்தில்தான் விழும். அதே பலகத்தில் தூரமும் கோணமும் கொடுக்கலாம். ஆனால் கோணம் எந்தத் திசையிலிருந்து எண்ணப்படுகிறது என்பதை விடை தெரிந்த ஒரு கோட்டில் சோதித்துப் பார்த்த பின்னரே களத் திசைக்கோணத்தை அதில் இடுங்கள்.

கணினிப் பக்கத்திலும் சில மாற்றங்கள் வேண்டும். ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் இயங்கும். அதன் பிறகு கன்ட்ரோல், ஷிப்ட் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லாக் மூன்றையும் அழுத்தினால் எண்பலகையே மவுஸாகிவிடும்: ஐந்து சொடுக்கும், பூச்சியம் பிடித்துக்கொள்ளும், புள்ளி விடுவிக்கும். மடிக்கணினியில் எண்பலகை இல்லையென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம், அது விலையுயர்ந்த பொருள் அல்ல. மவுஸை விட்டுக் கையை எடுத்தால் அது நகர்ந்துவிடுகிறது என்ற உங்கள் முறைப்பாட்டுக்கு நேரடியான தீர்வு டிராக்பால். அதன் உடல் மேசையில் அசையாமல் இருக்கும், மேலுள்ள உருண்டையை மட்டும் உருட்டினால் போதும். கையை எடுத்து விசைப்பலகைக்குப் போய்த் திரும்பி வரும்வரை சுட்டி வைத்த இடத்திலேயே இருக்கும். பெருவிரலால் உருட்டுபவை பெரும்பாலும் வலக்கைக்கு என்று வளைத்துச் செய்யப்பட்டவை, ஆதலால் உருண்டை நடுவில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கேள்வி: சிறுபோகச் செய்கைக் கூட்டத்தில், இம்முறை தண்ணீர் பாயும் வயல்களைப் பச்சையிலும் பாயாதவற்றைச் சிவப்பிலும் காட்டிய வரைபடமொன்றை விரித்தார்கள். எனக்கு இரண்டும் ஒரே மங்கல் நிறமாகத்தான் தெரிந்தன. கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்துகொண்டு, என் வயல் எதில் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்க வேண்டியதாயிற்று. இது என் குறையா, படத்தின் குறையா?
– ஒரு வாசகர், முத்தையன்கட்டு

பதில்: படத்தின் குறை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமை பெரும்பாலோருக்குப் பிறப்பிலேயே வருவது. அது பெரும்பாலும் ஆண்களையே பாதிப்பதால், ஆண்கள் நிறைந்த ஒரு கமக்காரர் கூட்டத்தில் அவ்வாறான ஒருவராவது இருக்கக்கூடும் என்று கருதியே படம் வரையப்பட வேண்டும். வரைந்தவர் கியூஜிஐஎஸ்ஸைப் பயன்படுத்தியிருந்தால், அதைச் சோதிக்கும் வசதி அவரது திரையிலேயே இருந்தது. வியூ பட்டியலில் பிரிவியூ மோட் என்ற பகுதியில், சிவப்புப் புலன் இல்லாதவருக்கும், பச்சைப் புலன் இல்லாதவருக்கும், நீலப் புலன் இல்லாதவருக்கும், நிறமே தெரியாதவருக்கும் படம் எப்படித் தோன்றும் என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அவரிடம் நீங்கள் இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். தண்ணீர் பாயும் வயலுக்குக் கடும் நீலமும் பாயாத வயலுக்கு வெளிறிய மஞ்சளும் கொடுக்கச் சொல்லுங்கள். இவ்விரண்டும் நிறத்தில் மட்டுமன்றி வெளிச்சத்திலும் வேறுபடுவதால் எவருக்கும் குழம்பாது. அதோடு, பாயாத வயல்களின்மேல் சாய்கோடுகளையும் போடச் சொல்லுங்கள். நிறம் மங்கினாலும் கோடு நிற்கும். படிமுறையாக ஏறிச்செல்லும் அளவுகளைக் காட்ட வேண்டுமானால் கியூஜிஐஎஸ்ஸில் விரிடிஸ், சிவிடிஸ் என்ற நிற வரிசைகள் உள்ளன. இரண்டாவது இத்தகைய புலனுள்ளவர்களை மனதில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. இவை எதுவும் செய்ய முடியாவிட்டால், படத்தைப் போட்டோப் பிரதிக் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பிரித்தறிய முடியாதது கூட்டத்தில் சிலருக்கும் பிரித்தறிய முடியாமல் போகலாம். எப்படியும் ஊருக்குள் கையிலிருந்து கைக்குப் போகப்போவது அந்தப் பிரதிதான்.

கேள்வி: எங்கள் பயிற்சி நிலையத்தில் மாற்றுவலுவுடைய மாணவர்களையும் சேர்க்க எண்ணுகிறோம். விலை கொடுத்து வாங்கும் வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ இந்த விடயத்தில் கூடுதல் வசதியுள்ளது என்கிறார்கள். பணம் திரட்டி அதையே வாங்கலாமா?
– ஒரு பயிற்சியாளர், வவுனியா

பதில்: ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவை உருவாக்கும் எஸ்ரி நிறுவனம் அணுகல் நெறிமுறைகளை எந்த அளவுக்குத் தன் மென்பொருள் நிறைவேற்றுகிறது என்ற அறிக்கைகளை வெளியிடுகிறது. அமெரிக்க அரச அலுவலகங்கள் வாங்கும் மென்பொருளுக்கு அந்நாட்டுச் சட்டம் அதைக் கோருவதே அதற்கு முதன்மைக் காரணம். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் ஆல்ட் விசையை அழுத்தினால் மேற்பட்டையின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எழுத்து தோன்றும், ஆகவே கருவிகளை மவுஸ் இல்லாமல் எட்டுவது கியூஜிஐஎஸ்ஸைவிட ஒழுங்காக அமைந்திருக்கிறது. கருந்தோற்றமும் நிறப்புலன் குறைபாட்டுக்கான பாவனைக் காட்சியும் அதிலும் உண்டு. இவை உண்மையான நன்மைகள். ஆனால் வரைபடப் பரப்பு திரைவாசிப்பானுக்கு விளங்காத ஓவியமாக இருக்கும் அடிப்படைச் சிக்கல் விலை கொடுத்து வாங்குவதால் தீர்வதில்லை. அனுமதிக்கான பணத்தைத் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும், மென்பொருளுக்கு வலுவான கணினியும் வேண்டும். பயிற்சி முடித்துப் போகும் மாணவர் வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ அதைத் தொடர முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கியூஜிஐஎஸ்ஸிலேயே நின்று, திரட்டிய பணத்தை இரண்டு பெரிய திரைகளுக்கும், ஒரு டிராக்பாலுக்கும், திரைவாசிப்பானோடு பாடம் நடத்தத் தெரிந்த ஒருவரின் சம்பளத்துக்கும் செலவிடுவேன். என்விடிஏ இலவசம், அதற்குத் தமிழ்க் குரலும் உண்டு. மெனுக்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் குரல்களை இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள மாணவர்களைப் பழக்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் பெயரில்லாத பொத்தானையோ விசைப்பலகையால் எட்ட முடியாத சாளரத்தையோ கண்டால், அதை ஆக்குநர்களின் பிழைப்பதிவேட்டில் மாணவர்களே எழுதட்டும். கியூஜிஐஎஸ் க்யூட்டி என்ற மென்பொருள் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. ஒரு பொத்தானுக்குத் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய பெயரைச் சேர்ப்பது அதில் பெரும்பாலும் ஒற்றை வரி வேலை. எவரும் அதைச் சொல்லாததால்தான் பல இடங்களில் அது செய்யப்படாமல் கிடக்கிறது.

கேள்வி: அரச அலுவலகங்கள் இத்தகைய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா?
– ஒரு வாசகர், மடு

பதில்: மாற்றுவலுவுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. 2006 இல் வந்த அணுகல் விதிகள் கட்டடங்களையும் பொது இடங்களையும் பற்றிப் பேசுபவை; சாய்தளம் கேட்க அவை உதவும், மென்பொருள் கேட்க நேரடியாக உதவா. மாற்றுவலுவுடையோர் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9 ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும், 27 ஆம் உறுப்புரை வேலைத்தலத்தில் நியாயமான ஏற்பாடுகளையும் குறிப்பிடுகின்றன. பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் இவற்றின் இலக்கங்களையும் தேவைப்படும் பொருளின் பெயரையும் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். "வசதி செய்துதரவும்" என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும்.

கேள்வி: விழிப்புலனற்ற மாணவர் சிலருக்குப் புவியியல் கற்பிக்கிறேன். வன்னியின் வரைபடத்தைத் தொட்டு உணரும்படி கணினியில் தயாரிக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, மல்லாவி

பதில்: முடியும், ஆனால் கண்ணுக்கான வரைபடத்திலிருந்து பத்தில் ஒன்பது பங்கை நீக்க வேண்டியிருக்கும். ஏ9 வீதி, கடற்கரை, நான்கு மாவட்ட எல்லைகள், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் ஆகியவை போதும். எல்லைகளும் வீதிகளும் ஒரே தாளில் நெருங்கினால் விரல் குழம்பும், ஆகவே மாவட்ட எல்லைகளை ஒரு தாளிலும் வீதிகளையும் குளங்களையும் இன்னொரு தாளிலும் வைப்பது நல்லது. கியூஜிஐஎஸ்ஸில் சிம்ப்ளிஃபை என்ற கருவியால் கரையின் சிறு வளைவுகளை நீக்கி, கோடுகளைத் தடித்த கறுப்பாக்கி, ஒன்றுக்கொன்று சில மில்லிமீற்றர் இடைவெளியாவது விட்டு, ஏ3 அளவில் அச்சிடுங்கள். பிரெயில் எழுத்தொன்று ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் அகலமும், வரிக்கு வரி பத்து மில்லிமீற்றர் உயரமும் பிடிக்கும் என்பதால், முழுப் பெயர்களைப் படத்தில் திணிக்காமல் ஓரெழுத்துக் குறியீடு இட்டு, விளக்கத்தைத் தனித்தாளில் கொடுங்கள்.

சூட்டில் கறுப்புக் கோடுகள் மட்டும் மேலெழும் சிறப்புத் தாளும் அதற்கான இயந்திரமும் கிடைத்தால் வேலை எளிது. கிடைக்காவிட்டால், அச்சிட்ட தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி, வீதிக்குச் சணல் நூலையும், குளங்களுக்குப் பசை தடவி மணலையும், கடற்கரைக்குத் தடித்த பின்னல் நூலையும் ஒட்டுங்கள். தாளின் மேல் வலது மூலையை வெட்டிவிட்டால் எந்தப் பக்கம் வடக்கு என்று கேட்காமலே தாளைச் சரியாகத் திருப்பிப் பிடிப்பார்கள். முதற்படியை ஒரு மாணவரிடம் கொடுத்து, மாங்குளத்திலிருந்து வீதியால் கிளிநொச்சிக்கு விரலை நகர்த்தச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தில் நூலும் மணலும் நெருங்கிவிட்டன என்று பொருள், அடுத்த படியில் அங்கே ஒரு பொருளை எடுத்துவிடுங்கள்.